பத்து வருஷத்துல கூடினது ரெண்டு லட்சம் பிக்சல்

கேமரா மாத்தலாமா வேணாமான்னு எட்டு மாசமா மண்டைக்குள்ள ஓடிட்டே இருந்துச்சு, போன மாசம்தான் ஒரு வழியா முடிவுக்கு வந்தேன், மறந்து போறதுக்குள்ள எழுதி வெச்சிடலாம்னு உக்காந்திருக்கேன். இந்த எட்டு மாசத்துல நான் பார்த்த ரிவ்யூ வீடியோவை எல்லாம் சேர்த்தா ஒரு டிகிரியே முடிச்சிருக்கலாம். ராத்திரி பதினொரு மணிக்கு "ஒண்ணே ஒண்ணு பார்த்துட்டு தூங்கலாம்"னு ஆரம்பிச்சு, ஒன்றரை மணிக்கு எவனோ ஒருத்தன் செங்கல் சுவரை ரெண்டு கேமராவுல எடுத்து நானூறு மடங்கு பெருசாக்கிக் காட்டுறதை வாயைப் பொளந்து பார்த்துட்டு இருப்பேன். நான் என் வாழ்க்கையில இதுவரைக்கும் செங்கல் சுவரை போட்டோ எடுத்ததே இல்ல.

என்கிட்ட இருந்தது நிக்கான் டி750, உள்ள கண்ணாடி வெச்ச டிஎஸ்எல்ஆர் வகை கேமரா. 2014ல வந்த மாடல், நான் அடுத்த வருஷம் வாங்கினேன். நான் கண்ணு வெச்சது அதே நிக்கானோட இசட்6 த்ரீ, அந்தக் கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் வகை, 2024 ஜூன்ல வந்தது. கிட்டத்தட்ட பத்து வருஷ இடைவெளி. முதல் நாள் ரெண்டோட ஸ்பெக்கையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பார்த்தப்பவே ஒரு விஷயம் சிரிப்பு வரவெச்சுது. பழசுல 24.3 மெகாபிக்சல், புதுசுல 24.5. நம்ம கணக்குல சொன்னா 2 கோடியே 43 லட்சம், இப்ப 2 கோடியே 45 லட்சம். பத்து வருஷத்துல கூடினது ரெண்டு லட்சம் பிக்சல்! மெகாபிக்சலுக்காக கேமரா மாத்துற காலம் முடிஞ்சு போச்சுன்னு சொல்லுவாங்கல்ல, அதை இவ்ளோ பச்சையா நான் பார்த்ததில்ல. அதுவும் என் படம் எல்லாம் கடைசியில போய் சேர்ற இடம் போன் ஸ்கிரீன், மிஞ்சிப் போனா ஒரு 4கே டிவி, அந்த டிவியோட மொத்த பிக்சலே 83 லட்சம்தான். மிச்ச ஒன்றரைக் கோடியை நான் ஹார்ட் டிஸ்க்ல பூட்டி வெச்சிருக்கேன், அவ்ளோதான்.

அப்புறம் எதுக்கு இந்த ஆசைன்னா, அக்கா பொண்ணு. மூணு வருஷமா பேட்மின்டன் ஆடுறா, மேட்ச் எல்லாத்துக்கும் போட்டோகிராஃபர் நான்தான், சம்பளம் கிடையாது, திட்டு மட்டும் உண்டு. இண்டோர் ஸ்டேடியம், வெளிச்சம் கம்மி, ஆள் ஒரு இடத்துல நிக்காது. என் படத்துல பாதி ஆடிப்போயிருக்கும், மீதியில பாதி ஃபோகஸ் பின்னாடி உக்காந்திருக்கிற அம்பயர் மேல போயிருக்கும். அந்த அம்பயரோட சட்டை பட்டன் வரைக்கும் தெளிவா இருக்கும், நம்ம பொண்ணு பனிமூட்டம் மாதிரி இருப்பா. "மாமா, உங்க கேமரா பழசாயிடுச்சு, மாத்துங்க"ன்னு அவளே சொல்லிட்டா. எனக்கும் அதுதானே வேணும்! பதினாலு வயசுப் பொண்ணு சொன்னதை ஒரு நிபுணர் கருத்து மாதிரி எடுத்துக்கிட்டு தேட ஆரம்பிச்சேன்.

ஆனா காசை எடுத்து வைக்கிற நேரத்துல ஒரு உறுத்தல். ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம், அந்தக் கதையா இருந்தா என்ன பண்றது? புதுசு வாங்கி அதுலயும் அம்பயர் பட்டனே வந்தா அக்கா முகத்துல எப்படி முழிக்கிறது? அதனால ஒரு ஞாயித்துக்கிழமை முழுக்க உக்காந்து ஒரு வேலை பண்ணேன். கடைசி ஒரு வருஷத்துல நான் வேண்டாம்னு ஒதுக்கின படங்கள்ல இருந்து 300 எடுத்தேன் (நான் எதையும் அழிக்க மாட்டேன், தனி ஃபோல்டர்ல தள்ளி விட்டுடுவேன், சோம்பேறித்தனம் ஒரு நாள் உதவும்னு அன்னைக்குதான் தெரிஞ்சுது). ஒவ்வொண்ணையும் திறந்து, இது ஏன் கெட்டுப்போச்சு, தப்பு என் மேலயா கேமரா மேலயான்னு ஒரு நோட்டுல கோடு போட்டேன்.

ரிசல்ட் பார்த்து எனக்கே வெக்கமா போச்சு.

120 படம் வெறும் ஷட்டர் ஸ்பீடு பிரச்சனை, அதாவது ஷட்டர் எவ்ளோ நேரம் திறந்திருக்குங்கிறது. 1/250, 1/320 செகண்டுன்னு எடுத்து வெச்சிருக்கேன், ஸ்மாஷ் அடிக்கிற கையை 1/250ல நிறுத்த முடியுமா? 2023ல சாத்விக்சாய்ராஜ் ரங்கிரெட்டி ஒரு ஸ்மாஷ் அடிச்சு கின்னஸ்ல ஏறினார், மணிக்கு 565 கிலோமீட்டர். கணக்கு போட்டுப் பாருங்க, அந்த வேகத்துல 1/1000 செகண்டுக்குள்ளயே ஷட்டில் பதினஞ்சு சென்டிமீட்டருக்கு மேல நகர்ந்துடும். நம்ம பொண்ணு அந்த வேகத்துல அடிக்கல, ஆனா நான் 1/1000க்கே போகலையே. ஏன் போகலைன்னா ஐஎஸ்ஓ பயம் (ஷட்டர் வேகத்தைக் கூட்டினா வெளிச்சம் குறையும், அதை ஈடுகட்ட ஐஎஸ்ஓங்கிற வெளிச்ச உணர்திறனை ஏத்தணும்). முதல் கேமரா வாங்கின காலத்துல 1600 தாண்டினா படம் முழுக்க புள்ளி புள்ளியா வரும், அந்த பயம் இன்னும் கைவிரல்ல ஒட்டிட்டு இருக்கு. டி750ல 6400 வெச்சா ஒண்ணும் ஆகாதுன்னு எனக்குத் தெரியும், தெரிஞ்சும் கை 3200லயே நிக்கும். சூடு கண்ட பூனை.

அதுலயும் 2023ல லைட்ரூம்ங்கிற போட்டோ எடிட்டிங் சாஃப்ட்வேர்ல, அந்தப் புள்ளிகளைத் துடைக்கிற ஏஐ டீநாய்ஸ் வந்த பிறகு இந்த பயத்துக்கு அர்த்தமே இல்ல. நான் ரொம்ப நாள் பழைய லைட்ரூம் 6லயே ஓட்டிட்டு இருந்த ஆளு, 2017 டிசம்பரோட அதுக்கு அப்டேட் எல்லாம் நின்னு போச்சு, அப்படியும் விடல, இந்த டீநாய்ஸுக்காகத்தான் மாறினேன். அஞ்சு வருஷம் முன்னாடி எடுத்த ரா ஃபைலை (சென்சார் பதிஞ்சதை அப்படியே வெச்சிருக்கிற ஃபைல்) போட்டு ஓட்டினேன், புது கேமராவுல எடுத்த மாதிரி வந்து நிக்குது. பழைய படங்களுக்கு எல்லாம் ஒரே நாள்ல கேமரா அப்கிரேடு ஆன மாதிரி. கம்ப்யூட்டர்தான் கொஞ்சம் மூச்சு வாங்குது.

அடுத்து 55 படம் ஃபோகஸ். இதுல நான் கேமராவைத் திட்ட ரெடியா இருந்தேன். ஆனா உத்துப் பார்த்தா அதுல பாதிக்கு மேல ஒரே மாதிரி தப்பு, ஆள் மேலதான் குறி வெச்சிருக்கேன், ஃபோகஸ் எப்பவும் ஒரு முழம் பின்னாடியே விழுந்திருக்கு. டிஎஸ்எல்ஆர் வெச்சிருக்கவங்களுக்கு இது தெரிஞ்சிருக்கும், ஃபோகஸை அளக்குற சென்சார் ஒண்ணு, படம் எடுக்குற சென்சார் வேற ஒண்ணு, ஃபோகஸ் சென்சார் கண்ணாடிக்குக் கீழ அடித்தளத்துல உக்காந்திருக்கு, ரெண்டுக்கும் நடுவுல ஒரு தலைமுடி அளவு தூரம் மாறினாலும் ஃபோகஸ் முன்னாடியோ பின்னாடியோ தள்ளிப்போயிடும், லென்ஸுக்கு லென்ஸ் வேற வேற மாதிரி. எந்த கம்பெனி டிஎஸ்எல்ஆரா இருந்தாலும் இந்த கதைதான். அதுக்காகவே மெனுவுல ஏஎஃப் ஃபைன் டியூன்னு ஒரு ஐட்டம் இருக்கு, மைனஸ் 20ல இருந்து பிளஸ் 20 வரை. பத்து வருஷமா அந்த மெனுவைத் தாண்டித் தாண்டிப் போயிருக்கேன், ஒரு நாள் கூட உள்ள போனதில்ல.

ஒரு ஸ்கேலை சாய்ச்சு வெச்சு, நடுவுல ஒரு தீப்பெட்டியை நிறுத்தி, டிரைபாட் போட்டு, லென்ஸை முழுசா திறந்து வெச்சு எடுத்துப் பார்த்தேன். சந்தேகமே இல்ல, தீப்பெட்டி மங்கல், பின்னாடி இருக்கிற கோடு பளிச். மைனஸ் 5, மைனஸ் 8, மைனஸ் 11ன்னு மாத்தி மாத்திப் பார்த்து கடைசியில மைனஸ் 9ல வந்து நின்னுது. மொத்தம் அரை மணி நேரம். அன்னைக்கு சாயங்காலமே ஒரு பிராக்டிஸ் மேட்ச்ல எடுத்துப் பார்த்தேன், ஏதோ லென்ஸுக்கு கண்ணாடி போட்டு விட்ட மாதிரி இருந்துச்சு. இந்த அரை மணி நேரத்தை எட்டு வருஷம் முன்னாடி செலவு பண்ணியிருந்தா எத்தனை படம் தப்பிச்சிருக்கும்னு யோசிச்சா தூக்கம் வராது, அதனால யோசிக்கல.

மீதி ஃபோகஸ் தப்பு எல்லாம் உண்மையாவே கேமராவோட எல்லைதான், அதை ஒத்துக்கணும். டி750ல 51 ஃபோகஸ் பாயின்ட் இருக்கு, ஆனா எல்லாம் கல்யாண வீட்டு போட்டோல நிக்கிற சொந்தக்காரங்க மாதிரி நடுவுலயே நெருக்கியடிச்சுட்டு நிக்குது. ஆள் ஃபிரேமோட ஓரத்துக்குப் போயிட்டா அங்க பிடிக்க ஒண்ணும் இல்ல. மிரர்லெஸ்ல கிட்டத்தட்ட ஓரம் வரைக்கும் பிடிக்கும், கண்ணைத் தேடிப் போய் ஒட்டிக்கும். இது சும்மா விளம்பரம் இல்ல, நெஜமாவே பெரிய விஷயம்.

ஒரு 70 படம் இருந்துச்சு, அதுல ஷட்டர், ஃபோகஸ் எல்லாம் சரி, ஆனா படத்துல ஒண்ணுமே இல்ல. ஷட்டில் போயிடுச்சு, பொண்ணு கையைத் தொங்கப் போட்டுட்டு நிக்கிறா, நான் அரை செகண்டு லேட். இன்னும் சிலது மூணு சேர், ரெண்டு தண்ணி பாட்டில், யாரோ ஒருத்தரோட முதுகு. இதுக்கு எந்த கம்பெனியும் மாடல் விடல.

கடைசியா மிஞ்சினதுதான் என்னைக் குழப்பின குரூப். 55 படம். எல்லாம் ஷார்ப், நேரமும் சரி, ஆனா கலர் கன்றாவி. ஒரே ராலில வரிசையா ஆறு படம், செட்டிங் ஒரு துளி மாறல, முதல் படம் சரியா இருக்கு, ரெண்டாவது இருட்டு, மூணாவது மஞ்சக்காமாலை, நாலாவதுல மேல்பாதி ஒரு கலர் கீழ்பாதி ஒரு கலர். ரொம்ப நாளா இதை ஒயிட் பேலன்ஸ் (லைட்டோட நிறத்துக்கு ஏத்த மாதிரி கலரை சரி பண்ற செட்டிங்) கோளாறுன்னே நினைச்சு ஒவ்வொரு படமா லைட்ரூம்ல மல்லுக்கட்டிட்டு இருந்தேன். விஷயம் வேற.

ஸ்டேடியம் லைட் எரிஞ்சுட்டே இருக்கிற மாதிரி நமக்குத் தெரியுது, ஆனா அது மின்சாரத்தோட சேர்ந்து மினுக்கிட்டே இருக்கு. கரண்ட் 50 ஹெர்ட்ஸ்னா செகண்டுக்கு 100 தடவை, 60 ஹெர்ட்ஸ் இருக்கிற நாட்டுல 120 தடவை. அதாவது நூறுல ஒரு பங்கு செகண்டுக்குள்ள ஒரு தடவை ஏறி இறங்குது. நான் 1/100ல எடுத்தா ஒரு முழு ஏத்த இறக்கமும் படத்துக்குள்ள வந்துடும், எல்லா படமும் ஒரே மாதிரி இருக்கும். 1/1000ல எடுத்தா அந்த அலையில பத்துல ஒரு துண்டுதான் கிடைக்கும், அது உச்சியா பள்ளமாங்கிறது அதிர்ஷ்டம். போதாக்குறைக்கு, அந்த வேகத்துல ஷட்டர் ஒரே அடியா திறந்து மூடாது, ஒரு சின்ன இடுக்கு மாதிரி ஃபிரேமோட ஒரு ஓரத்துல இருந்து இன்னொரு ஓரத்துக்கு ஓடும், அது ஓடி முடிக்கிறதுக்குள்ள லைட் ஏறியோ இறங்கியோ போயிடும், அதான் மேல ஒண்ணு கீழ ஒண்ணு. பாருங்க கூத்தை, ஷட்டர் ஸ்பீடைக் கூட்டி முதல் 120 படத்தோட பிரச்சனையைத் தீர்க்கப் போனா, இந்த 55 படத்தோட பிரச்சனை இன்னும் மோசமாகும். என் பழைய படங்கள்ல இது கம்மியா இருந்ததுக்குக் காரணமே நான் பயந்து பயந்து ஸ்லோவா எடுத்ததுதான்!

இதுக்கு கேமராக்குள்ளயே மருந்து இருக்கு. ஃப்ளிக்கர் ரிடக்ஷன்னு பேரு. லைட்டோட ஏத்த இறக்கத்தை கேமரா கவனிச்சுட்டே இருக்கும், நாம பட்டனை அமுக்கினதும் உடனே எடுக்காம அடுத்த உச்சி வர்ற அந்த நொடித்துளிக்குக் காத்திருந்து ஷட்டரைத் திறக்கும். தொடர்ச்சியா எடுக்கும்போது வேகம் கொஞ்சம் குறையலாம், பரவால்ல. நிக்கான்ல இது ஸ்டில் போட்டோவுக்கு 2016ல வந்த மாடல்கள்ல இருந்துதான் வர ஆரம்பிச்சுது. என்னோட 2014 கேமராவுல இல்ல. சாஃப்ட்வேர் அப்டேட் வழியாவும் அதுக்கு இது வரல.

ஆக 300 படத்துல கேமரா மாத்தினா மட்டுமே தப்பிக்கக்கூடியது, ஓரத்து ஃபோகஸ் கொஞ்சம், இந்த மினுக்கல் 55. ஐஞ்சுல ஒண்ணுன்னு வெச்சுக்கலாம். சும்மா ஆசைன்னு ஒதுக்கவும் முடியாது, அவசரம்னு சொல்லவும் முடியாது. இந்த ரெண்டும்கெட்டான் நம்பர் வந்ததுதான் இன்னும் ரெண்டு மாசம் இழுத்ததுக்குக் காரணம்.

சரி, பேசிட்டே இருந்தா ஆகாதுன்னு இசட்6 த்ரீயை ஒரு சனி ஞாயிறு வாடகைக்கு எடுத்தேன், கூடவே தூரத்துல இருக்கிறதைக் கிட்ட காட்டுற 70-200 ஜூம் லென்ஸும். வாங்குறதுக்கு முன்னாடி வாடகைக்கு எடுங்கன்னு எல்லாரும் சொல்லுவாங்க, யாரும் எடுக்க மாட்டாங்க, நானும் முதல் தடவையா எடுத்தேன். முதல் பத்து நிமிஷம் நான் அழாத குறைதான். சத்தமே இல்ல. டி750 ஒரு படம் எடுத்தா பக்கத்து சீட்காரர் திரும்பிப் பார்ப்பார், இது சைலன்ட் மோடுல எடுக்குதா இல்லையான்னு எனக்கே சந்தேகம் வந்து நாலு தடவை பிளேபேக் பார்த்தேன். முகம் எங்க போனாலும் அந்த கட்டம் விடாம ஒட்டிக்கிட்டே போகுது, அம்பயரை சீண்டக் கூட இல்ல. பட்டனை அமுக்குறதுக்கு முன்னாடி ஒரு செகண்டுல நடந்ததையும் சேர்த்து எடுத்து வைக்கிற ஒரு வசதி இருக்கு, ஜேபெக்ல மட்டும்தான், ஆனா என்னை மாதிரி அரை செகண்டு லேட் ஆசாமிக்கு அது வரப்பிரசாதம். மேல சொன்னேனே, எந்த கம்பெனியும் மாடல் விடலன்னு, அந்த 70ல ஒரு பாதிக்கு விட்டுட்டாங்கன்னுதான் சொல்லணும். ரா ஃபைலாவே செகண்டுக்கு 20 எடுக்குது, என்னுது ஆறரை. அதுக்குக் காரணம் சென்சார்ல இருந்து தகவலை வெளிய இழுக்கிற வேகம்தான், இதுக்கு முந்தின இசட்6 டூவை விட பல மடங்கு கூட்டியிருக்காங்க.

ஞாயிறு ராத்திரி வீட்டுக்கு வந்து கார்டைச் சொருகினேன். 3,800 படம். வழக்கமா ஒரு மேட்ச் நாளைக்கு நான் எடுக்கிறது ஐநூறு. ஒரே ஸ்மாஷ், நாற்பது படம், நாற்பதும் ஷார்ப், இதுல எது நல்லா இருக்குன்னு கண்ணை இடுக்கிப் பார்த்துப் பார்த்து செவ்வாய்க்கிழமை வரைக்கும் அதே வேலை. இதுவரைக்கும் நல்லா வந்த படத்தைத் தேடுறதுதான் வேலையா இருந்துச்சு, இப்ப நல்லா வந்ததுல எதைத் தூக்கிப் போடுறதுங்கிறது வேலை. சிலருக்கு இது சந்தோஷமான பிரச்சனையா இருக்கலாம், எனக்கு ஆபீஸ் வேலையே இப்படித்தான் இருக்கும், அதனால ஒப்பல. குறைச்சு எடுக்க வேண்டியதுதானேன்னு கேப்பீங்க. கேமரா கையில இருக்கும்போது குறையாது, அதான் நெஜம்.

பேட்டரி ஒரு தனிக் கதை. டி750க்கு கம்பெனி கணக்குப்படி ஒரு சார்ஜுக்கு 1230 படம், இதுக்கு 400ஐக் கூட தொடல. நிஜத்துல தொடர்ச்சியா எடுத்தா அதை விட நிறைய வரும், இருந்தாலும் ரெண்டாவது பேட்டரி பாக்கெட்லயே இருக்கணும். அப்புறம் வெயிட்டு. மிரர்லெஸ்னா லேசுன்னு எல்லாரும் சொல்றாங்கல்ல, பேட்டரி கார்டோட இசட்6 த்ரீ 760 கிராம், டி750 840. ஆகா 80 கிராம் மிச்சம்னு சந்தோஷப்பட்டா, என் பழைய லென்ஸை மாட்டணும்னா நடுவுல எஃப்டிஇசட் டூன்னு ஒரு அடாப்டர் வேணும், அது 125 கிராம். கூட்டிப் பார்த்துக்கங்க.

அந்த அடாப்டர்லதான் மொத்த கதையும் திரும்புச்சு. என்னோட பேட்மின்டன் லென்ஸ் 80-200 எஃப் 2.8 (எஃப் நம்பர் சின்னதா இருந்தா லென்ஸ் அகலமா திறக்கும்), ஏஎஃப்-டிங்கிற பழைய வகை, சித்தப்பா வெச்சிருந்தது, அவருக்கு தோள்பட்டை வலி வந்ததும் என்கிட்ட கொடுத்துட்டார். ஒண்ணே கால் கிலோவுக்கு மேல இருக்கும், ரெண்டு கையால தூக்கணும், ஃபோகஸ் பண்ணும்போது தையல் மெஷின் மாதிரி சத்தம் போடும், ஆனா படம் அவ்ளோ அழகா இருக்கும். இந்த மாதிரி லென்ஸ்ல மோட்டார் கிடையாது, கேமரா பாடிக்குள்ள இருக்கிற மோட்டார் ஒரு ஸ்க்ரூ வழியா அதை சுத்தி விடும். எஃப்டிஇசட் அடாப்டர்ல அந்த ஸ்க்ரூ இல்ல. அப்ப இசட் கேமராவுல மாட்டினா இது கையால சுத்துற லென்ஸ். அதையும் வாடகைக் கேமராவுல மாட்டிப் பார்த்தேன், ஃபோகஸ் ஆன இடத்துல எல்லாம் கலர் கோடு காட்டும், ஒரு இடத்துல நிக்கிற ஆளை எடுக்க அருமையா இருக்கு. நெட்டுக்குப் பாயுற பொண்ணை எடுக்க... ம்ஹும்.

ஆக நான் "கேமரா வாங்கலாமா"ன்னு நினைச்சுட்டு இருந்தது கேமரா மட்டும் இல்ல. கேமரா, அடாப்டர், 70-200 லென்ஸ், ரெண்டு பேட்டரி, வேகமான கார்டு, அந்த கார்டுக்கு ஒரு ரீடர், இத்தனை படத்தைக் கொட்டி வைக்க இன்னொரு டிஸ்க். யானை வாங்கினா அங்குசம் மட்டுமா வாங்கணும், லாயமும் கட்டணும். அந்த லிஸ்ட்டை ஒரு பேப்பர்ல எழுதினேன், கீழ கூட்டிப் போடாமலே மடிச்சு வெச்சுட்டேன்.

ஒரு வாரம் கழிச்சு சும்மா உக்காந்திருக்கும்போது கேள்வியையே திருப்பிப் போட்டேன். புதுசுல எது நல்லதுன்னு பார்க்காம, எனக்கு வேண்டியது ஃப்ளிக்கர் ரிடக்ஷன், சித்தப்பா லென்ஸ் ஓடணும், இந்த ரெண்டும் சேர்ந்து எதுல இருக்குன்னு தேடினேன். டி780. இதுவும் நிக்கான் டிஎஸ்எல்ஆர்தான், 2020 ஜனவரியில வந்தது. பாடிக்குள்ள மோட்டார் இருக்கு, ஃப்ளிக்கர் ரிடக்ஷன் இருக்கு, 51 பாயின்ட்டு அதே 51தான் ஆனா அதை ஓட்டுற கணக்கு பெரிய டி5 கேமராவுல இருந்து வந்தது, பேட்டரி ஒரு சார்ஜுக்கு 2260 படம். எட்டு மாசமா இந்தப் பேரு எத்தனை ரிவ்யூல கண்ணுல பட்டிருக்கும், ஒரு தடவை கூட நிக்கலையே! ஏன்னா அது "புதுசு" லிஸ்ட்ல இல்ல. என் கேமராவை விடப் புதுசு, ஆனா புதுசு இல்ல.

என் ஃப்ரெண்டு ஒருத்தன், ரெண்டு வருஷம் முன்னாடியே மிரர்லெஸ்ஸுக்கு தாவினவன், போன்ல கத்தினான். "டேய், அது செத்துப்போன மவுண்ட்டுடா, இப்ப போய் அதுல காசு போடுவியா?" அவன் சொல்றதுலயும் தப்பில்ல. நிக்கானோட எஃப் மவுண்ட் (மவுண்ட்னா கேமராவுல லென்ஸ் மாட்டுற வாய்) 1959ல வந்தது, 2018ல இசட் மவுண்ட் வந்ததோட அதுக்கு மூப்பு வந்துடுச்சு, 2020க்கு அப்புறம் நிக்கானோ கேனானோ புது டிஎஸ்எல்ஆர் ஒண்ணு கூட விடல. டி780தான் கிட்டத்தட்ட கடைசி பஸ். ஆனா நான் யோசிச்சது வேற மாதிரி. கடைசி பஸ்னா அதுல ஏறினவங்க எல்லாம் இப்ப இறங்கிட்டு இருக்காங்க, அதனால செகண்ட் ஹேண்டுல நல்ல நல்ல பாடி வெளிய வருது. எனக்கு புது லென்ஸ் எதுவும் வேண்டாம், இருக்கிறதே போதும், அப்ப மவுண்ட் செத்தா எனக்கென்ன பொழைச்சா எனக்கென்ன. வீடியோ எடுக்கிற ஆளா இருந்தா, பறவை எடுக்கிற ஆளா இருந்தா, இல்ல இப்பதான் முதல் கேமரா வாங்குற ஆளா இருந்தா நானே மிரர்லெஸ்ஸுக்குத்தான் கை காட்டியிருப்பேன். ஓரத்து ஃபோகஸ் பிரச்சனை டி780ல தீராது, வ்யூஃபைண்டர்ல பார்த்து எடுக்கும்போது பாயின்ட் எல்லாம் நடுவுலதான். அதைத் தெரிஞ்சேதான் விட்டுக் கொடுத்தேன், ஆளை நடுவுல வெச்சு எடுத்துட்டு அப்புறம் வெட்டிக்கலாம், அதுக்குத்தான் அந்த ஒன்றரைக் கோடி பிக்சல் சும்மா கிடக்கே.

செகண்ட் ஹேண்ட் பாடி பார்க்கப் போறப்ப சித்தப்பா லென்ஸையும் தூக்கிட்டுப் போனேன். முதல் வேலை அதை மாட்டி மோட்டார் ஓடுதான்னு பார்த்தது, தையல் மெஷின் சத்தம் வந்ததும்தான் உக்காரவே செஞ்சேன். ஒரு ரா ஃபைல் எடுத்து லேப்டாப்ல போட்டு எக்ஸிஃப்டூல்ங்கிற சாஃப்ட்வேர்ல ஷட்டர் கவுன்ட் (இதுவரைக்கும் ஷட்டர் எத்தனை தடவை ஓடியிருக்குங்கிற கணக்கு) பார்த்தேன், 31,000 சொச்சம், அந்த ஷட்டரை கம்பெனி 1,50,000 வரைக்கும் ஓட்டி டெஸ்ட் பண்ணியிருக்காங்க, அப்ப இன்னும் வாலிபம்தான். எஃப் 16ல வெள்ளைச் சுவரை ஒரு படம் எடுத்தேன், சென்சார்ல ரெண்டு தூசு, அது ஊதினா போயிடும். (ஆமா, கடைசியில நானும் சுவரை போட்டோ எடுத்துட்டேன்.) விக்க வந்தவர் ஏன் விக்கிறார்னு கேட்டேன். இசட்6 த்ரீ வாங்கப் போறாராம். ரெண்டு பேரும் கொஞ்ச நேரம் ஒருத்தரை ஒருத்தர் பரிதாபமா பார்த்துக்கிட்டோம்.

வாங்கிட்டேன். இந்த டி780ல பாப்-அப் ஃப்ளாஷ் இல்ல, டி750ல இருந்துச்சு, அது ஒரு சின்ன வருத்தம். பாடி மாறிடுச்சு, அதனால ஃபைன் டியூனும் முதல்ல இருந்து, ஸ்கேல், தீப்பெட்டி எல்லாம் மறுபடி எடுத்தேன், இந்த தடவை மைனஸ் 3. டி750யை விக்கலாம்னுதான் இருந்தேன், கையில எடுத்தா மனசு வரல, இப்போதைக்கு அலமாரில இருக்கு.

போன சனிக்கிழமை முதல் மேட்ச். 1/1000, எஃப் 2.8, ஐஎஸ்ஓ 6400, ஃப்ளிக்கர் ரிடக்ஷன் ஆன். 540 படம் எடுத்தேன், நோட்டை எடுத்து பழையபடி கோடு போட்டேன். கலர் தப்பினது நாலே நாலு. அரை செகண்டு லேட் குரூப்பு மட்டும் அப்படியே குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்கு, அதுக்கு இன்னும் ஒண்ணும் பண்ண முடியல.

படத்தை எல்லாம் வீட்டு குரூப்புல போட்டேன். அக்கா பொண்ணு ஒவ்வொண்ணா பெருசாக்கிப் பார்த்தா, மூணை அவ டிபியா மாத்தி மாத்தி வெச்சா, அப்புறம் என் தோள்ல தொங்குற கேமராவைப் பார்த்து கேக்குறா, "மாமா, இந்த பழைய கேமராவுலயே இவ்ளோ நல்லா எடுக்குறீங்களே, அப்புறம் எதுக்கு புதுசு வாங்கணும்?" ரெண்டும் பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும், டி750யும் டி780யும். நான் ஒண்ணும் சொல்லல. அக்காவுக்கும் இன்னும் தெரியாது, தயவு செஞ்சு யாரும் சொல்லிடாதீங்க.